ஹரிகேன் வருகிறது: கம்ப்யூட்டர் திரையில் எதைப் பார்ப்பது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்ற பல வீடுகளில், அதற்கான காரணம் கடல் கடந்து இருக்கிறது. மகனோ மகளோ அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள்; வாரம் ஒரு முறை திரையில் முகம் பார்த்துப் பேச வேண்டும். இந்த வீடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒரு பதற்றம் வருவது உண்டு. "புளோரிடாவை நோக்கி ஹரிகேன்" என்று டிவியில் செய்தி ஓடும். உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்து தேடுவோம். கலர் கலராகப் படங்கள் வரும். நடுவில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு நம் பிள்ளை இருக்கும் ஊரின் மேல் போகவில்லை என்றால், "அப்பாடா, தப்பித்தோம்" என்று படுக்கப் போய்விடுவோம்.

இந்த நிம்மதி பல சமயங்களில் தவறானது. ஹரிகேன் என்பது நம் வங்கக் கடலில் வரும் புயலின் அதே வகைதான். அட்லாண்டிக் கடலில் அதற்குப் பெயர் வேறு, அவ்வளவுதான். அந்தப் படங்களில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது, கடலோரத்தில் உயிரைப் பறிப்பது எது, அதைத் திரையில் எங்கே பார்ப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கோடு சொன்னதும், நடந்ததும்

2022 செப்டம்பர் மாதம் வந்த இயான் ஹரிகேன் இதற்கு நல்ல உதாரணம். செப்டம்பர் 26 அன்று வெளியான படங்களில், புயலின் மையம் புளோரிடாவின் மேற்குக் கரையில் உள்ள டாம்பா நகரம் பக்கம் போகலாம் என்று கோடு காட்டியது. எல்லோருடைய பார்வையும் டாம்பா மீது இருந்தது. அதற்குத் தெற்கே உள்ள ஃபோர்ட் மையர்ஸ் பகுதி படத்தின் ஓரத்தில்தான் இருந்தது. அந்தப் பகுதியில் மக்களை வெளியேறச் சொல்லி முதல் உத்தரவு வந்தது 27ஆம் தேதி காலையில். மறுநாள் 28ஆம் தேதி பிற்பகல், டாம்பாவுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், கேயோ கோஸ்டா என்ற தீவில் இயான் கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 240 கி.மீ.

ஃபோர்ட் மையர்ஸ் பீச் ஊருக்குள் தரைமட்டத்திலிருந்து 10 முதல் 15 அடி உயரத்திற்குக் கடல் ஏறி வந்தது. அதாவது வீட்டின் தரைத்தளம் முழுவதும் மூழ்கும் உயரம். இயான் புயலில் இப்படி ஏறி வந்த கடல் நீரில் மட்டும் 41 பேர் இறந்தார்கள்.

அதே நாளில் டாம்பாவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே கடல் உள்வாங்கியது. வளைகுடாவில் தண்ணீர் வற்றிப் போய்த் தரை தெரிந்தது. ஒரே புயல்தான், ஒரு ஊரில் கடல் வீட்டுக்குள் வந்தது, இன்னொரு ஊரில் கடலைக் காணவில்லை. இது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கடல் எப்படி ஊருக்குள் வருகிறது?

பூமியின் வடபாதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. புயல் நகரும் திசையைப் பார்த்து நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் வலப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். இடப் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தண்ணீரை இழுத்துச் செல்லும். இயான் கரையைக் கடந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் வலப் பக்கத்திலும் டாம்பா இடப் பக்கத்திலும் இருந்தன. கோடு இன்னும் வடக்கே சென்றிருந்தால் கடல் ஏற்றம் டாம்பாவுக்குப் போயிருக்கும்.

இப்படிக் காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல் நீரைத்தான் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்கிறார்கள். இதைப் பெரிய அலை என்று நினைக்க வேண்டாம். அலை வந்து திரும்பிப் போய்விடும். சர்ஜ் என்பது கடல் மட்டமே உயர்ந்து, மணிக்கணக்கில் அப்படியே நிற்பது. அதன் மேல்தான் அலைகள் வேறு அடிக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அந்த எடை மீண்டும் மீண்டும் மோதினால் வீட்டுச் சுவர் எத்தனை நேரம் நிற்கும்?

சர்ஜின் உயரத்தை மூன்று விஷயங்கள் கூட்டும். ஒன்று, கரையோரக் கடலின் ஆழம். ஆழம் குறைவாகவும் சரிவு மெதுவாகவும் இருந்தால், தள்ளப்பட்ட தண்ணீருக்குக் கீழே போக இடமில்லை, மேலே ஏறும். மெக்சிகோ வளைகுடாவின் கரைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. இரண்டு, புயலின் அகலம். அகலமான புயல் அதிகத் தண்ணீரைத் தள்ளும். மூன்று, 'ஹை டைட்' எனப்படும் கடல் ஏற்ற நேரம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க் பக்கம் வந்தபோது முழு நிலவு நாள். ஏற்ற நேரமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் சுரங்க ரயில் பாதைகளுக்குள் புகுந்தது.

கேட்டகிரி எண் சொல்லாத கதை

டிவியில் "கேட்டகிரி 2 புயல்", "கேட்டகிரி 4 புயல்" என்று சொல்வார்கள். இது ஸாஃபிர்-சிம்ப்ஸன் என்ற அளவுகோல். மணிக்கு 119 கி.மீ. வேகத்தில் கேட்டகிரி 1 தொடங்குகிறது. 154 கி.மீ. என்றால் 2, 178 என்றால் 3, 209 என்றால் 4, 252 கி.மீ. அல்லது அதற்கு மேல் 5.

இந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். கடல் எவ்வளவு உயரும், மழை எவ்வளவு பெய்யும் என்று அது சொல்வதில்லை. முன்பு இந்த அளவுகோலில் சர்ஜ் உயரத்தையும் சேர்த்துத் தந்தார்கள். கணக்கு பொருந்தாமல் போகவே 2010இல் அதை நீக்கிவிட்டார்கள்.

பொருந்தாமல் போனதற்கு இரண்டு புயல்களைப் பாருங்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா கரையைக் கடந்தபோது அது கேட்டகிரி 3. ஆனால் மிசிசிப்பி மாநிலக் கரையில் கடல் 27 அடிக்கு மேல் உயர்ந்தது. 1969இல் அதே கரையைத் தாக்கிய கமீல் கேட்டகிரி 5. "கமீலுக்கே நம் வீட்டில் தண்ணீர் வரவில்லை, இது என்ன செய்துவிடும்" என்று வீட்டிலேயே தங்கியவர்கள் உண்டு. கத்ரினா அளவில் பெரிய புயல்; அதனால் கமீலை விட உயரமாகத் தண்ணீர் வந்தது.

2008இல் வந்த ஐக் புயல் வெறும் கேட்டகிரி 2. அது டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் செப்டம்பர் 13 அதிகாலை கரையைக் கடந்தது. ஆனால் பக்கத்தில் உள்ள போலிவர் தீபகற்பத்தில் முந்தைய நாள் காலையிலேயே கடல் ஏறிவிட்டது. வெளியே போக இருந்த நெடுஞ்சாலை மூழ்கியது. பெருங்காற்று இன்னும் தொடங்கவே இல்லை! "காற்று பலமாகட்டும், அப்புறம் கிளம்பலாம்" என்று இருந்தவர்களுக்குப் பாதை அடைந்துவிட்டது. பலரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. அன்றிரவு அந்தத் தீபகற்பத்தில் 15 அடிக்கு மேல் தண்ணீர் வந்து, வரிசை வரிசையாக வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது.

ஆபத்துகள் வரும் வரிசை

புயல் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதில்லை. அதன் ஆபத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன.

முதலில் அலைகள். புயல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே நீண்ட அலைகள் கரைக்கு வந்துவிடும். வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும். கடலுக்குள் இழுக்கும் 'ரிப் கரன்ட்' நீரோட்டம் மட்டும் பலமாக இருக்கும். 2009 ஆகஸ்ட் 23 அன்று பில் புயல் அமெரிக்கக் கரையைத் தொடாமல் கடலிலேயே சென்றது. ஆனால் மைன் மாநிலத்தில் உள்ள அகாடியா தேசியப் பூங்காவில் பாறை மீது நின்று அலைகளை வேடிக்கை பார்த்தவர்களை அலை அடித்துச் சென்றது. ஒரு சிறுமி இறந்துபோனாள்.

அடுத்து கடல் மட்டம் உயரத் தொடங்கும். ஐக் புயலில் பார்த்தது போல, தாழ்வான சாலைகள் முதலில் மூழ்கும்.

பிறகு புயலின் வெளிப்புற மழை மேகங்கள் வரும். இவற்றுக்குள் 'டொர்னேடோ' என்னும் சுழற்காற்றுகள் உருவாகலாம். 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் புயல் புளோரிடாவின் மேற்குக் கரையை இரவில் கடந்தது. ஆனால் அன்று பிற்பகலிலேயே எதிர்ப்புறம், கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் லூசி பகுதியில் டொர்னேடோ தாக்கி ஆறு பேர் இறந்தார்கள். அன்று அந்த மாநிலத்தில் மட்டும் 40க்கு மேற்பட்ட டொர்னேடோக்கள்.

அதன் பின் மையம் வரும்: உச்சக் காற்று, உச்ச சர்ஜ். நடுவில் 'ஐ' எனப்படும் புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். புயல் முடிந்தது என்று வெளியே வந்தால், சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

கடைசியில் மழை. 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் கரையைக் கடந்தது ஹூஸ்டனிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால். ஆனால் அது நகராமல் அங்கேயே சுற்றியதால் ஹூஸ்டன் மூழ்கியது. நெதர்லாண்ட் என்ற ஊரில் பதிவான மொத்த மழை 1,539 மி.மீ. சென்னையில் சராசரியாக ஒரு வருடம் முழுக்கப் பெய்வதை விட இது அதிகம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் புளோரிடாவில் கரையேறியது; பெரும் வெள்ளம் வந்ததோ சுமார் 600 கி.மீ. உள்ளே, மலைகளுக்கு நடுவே உள்ள ஆஷ்வில் நகரத்தில்!

அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரையிலான 50 ஆண்டுகளில், புயல் நேரடியாகக் கொன்றவர்களில் சுமார் பாதிப் பேர் சர்ஜில் இறந்தவர்கள். மழை வெள்ளம், அலை எல்லாம் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால்தான் இறந்தார்கள். காற்றின் பங்கு மிகச் சிறியது. நாமோ காற்றின் வேகத்தைத்தான் விசாரித்துக்கொண்டு இருக்கிறோம்.

எங்கே பார்ப்பது?

அமெரிக்க அரசின் நேஷனல் ஹரிகேன் சென்டர், புளோரிடா மாநிலத்தின் மயாமியில் இருக்கிறது. டிவி சேனல்கள் காட்டும் எச்சரிக்கைகள் இங்கிருந்து வருபவைதான். பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் 'என்ஹெச்சி டாட் என்ஓஏஏ டாட் ஜிஓவி' என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். கட்டணம் எதுவும் இல்லை. உறுப்பினர் ஆக வேண்டியதும் இல்லை. அட்லாண்டிக் கடலின் படம் வரும். அதில் உள்ள புயலின் மீது கிளிக் செய்திடவும்.

அறிக்கைகள் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை வெளியாகும். நம் இந்திய நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30. கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நடுவில் மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறையும் சிற்றறிக்கை வரும். ஆகவே நிமிடத்திற்கு ஒரு முறை பார்த்துப் பதற வேண்டாம். காலையிலும் இரவிலும் 8.30க்குச் சற்றுப் பின் பார்த்தால் போதும்.

படங்களை எப்படிப் படிப்பது?

முதலில் கூம்பு வடிவப் படம். வெள்ளையாக விரிந்துகொண்டே போகும் கூம்பு, புயலின் மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதை மட்டும் காட்டுகிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் கணிப்பு எவ்வளவு தவறியது என்ற கணக்கை வைத்து இதை வரைகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு தடவை மையம் கூம்புக்குள் இருக்கும். மீதித் தடவை வெளியே போகும். இரண்டு நாட்களுக்கு முன் சொல்லும் கணிப்பில் கோட்டின் இருபுறமும் 100 கி.மீ.க்கு மேல் கூம்பு விரிந்திருக்கும். கூம்பின் அகலம் புயலின் அகலம் ஆகாது. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரிலும் தண்ணீர் வரலாம். இதே படத்தை நடுக்கோடு இல்லாமலும் தருகிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கண் கோட்டின் மேல் போகாது.

அடுத்து, கடலோரத்தில் உறவினர் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டியது சர்ஜ் படம். இது 2016 முதல் முறையாக வெளியாகிறது. பிள்ளையின் ஊர் வரும் வரை மவுஸின் நடு வீலைச் சுழற்றிப் பெரிதாக்கவும். நீலம் என்றால் தரைக்கு மேல் 3 அடி வரை. மஞ்சள் என்றால் 3 அடிக்கு மேல். ஆரஞ்சு 6 அடிக்கு மேல். சிவப்பு 9 அடிக்கு மேல் தண்ணீர் வரக்கூடும். இது மோசமான நிலையைக் கணக்கில் வைத்து வரைந்த படம். நிச்சயம் அவ்வளவு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் முடிவெடுக்க இதுதான் சரியான படம்.

மூன்றாவது, காற்று வந்து சேரும் நேரத்தைக் காட்டும் படம். கிளம்புவதற்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று இதில் தெரியும்.

அறிக்கையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். 'ஹரிகேன் வாட்ச்' என்றால் ஆபத்து வரலாம்; பலத்த காற்று தொடங்க சுமார் 48 மணி நேரம் முன்பு இதைத் தருவார்கள். 'வார்னிங்' என்றால் வரும் என்றே எதிர்பார்க்கிறார்கள். இது 36 மணி நேரம் முன்பு. சர்ஜுக்கென்று தனியாக வாட்ச், வார்னிங் உண்டு. 2017 முதல் தருகிறார்கள்.

அளவுகள் எல்லாம் மைல், அடி, அங்குலத்தில் இருக்கும். மைலை 1.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 'நாட்' என்று இருந்தால் 1.85ஆல் பெருக்கவும். மழை அங்குலத்தை 25ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். விண்டோஸில் உள்ள கால்குலேட்டர் இதற்குப் போதும்.

கம்ப்யூட்டரில் சில கவனங்கள்

1. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் இருக்கும். முதலில் அதைப் பார்க்கவும். பிரவுசர் சில சமயம் தான் சேமித்து வைத்திருக்கும் பழைய படத்தையே காட்டும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப்5 அழுத்தினால் புதிய படம் வரும்.

2. தளத்தைப் புக்மார்க் செய்து வைக்கவும். கன்ட்ரோல் கீயுடன் டி அழுத்தினால் போதும். அவசர நேரத்தில் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

3. ஒவ்வொரு அறிக்கையின் படத்தையும் ரைட் கிளிக் செய்து, ஒரு போல்டரில் தேதி, நேரத்தைப் பெயராகக் கொடுத்து சேவ் செய்யவும். நான்கைந்து படங்கள் சேர்ந்ததும் வரிசையாகப் பார்த்தால் கோடு எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

4. வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்பி யாருக்கும் போன் செய்யாதீர்கள். பழைய புயலின் வீடியோ ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சுற்றி வரும்.

போனில் என்ன கேட்பது?

"அங்கே காற்று எப்படி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "உன் வீடு எந்த ஜோனில் இருக்கு?" என்று கேளுங்கள். புளோரிடாவில் கடலோரப் பகுதிகளை ஏ, பி, சி என்று வெளியேற்ற ஜோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ பகுதியை முதலில் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த கேள்வி, "கிளம்பச் சொல்லிட்டாங்களா? கிளம்பிட்டியா?" பல சமயங்களில் நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டியதில்லை. தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதியில், உறுதியான கட்டடத்தில் உள்ள நண்பர் வீடே போதும்.

மழை நின்ற பிறகும் இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். தண்ணீர் ஓடும் சாலையில் கார் ஓட்ட வேண்டாம். ஒரு அடி ஓட்டமே சிறிய காரைத் தூக்கிவிடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஓட்ட வேண்டாம். 2020இல் லாரா புயலுக்குப் பின் லூசியானாவில் பலர் அந்தப் புகையில்தான் இறந்தார்கள்.

புயல் கடந்த இரவில் போன் கிடைக்காமல் போகலாம். டவருக்கு மின்சாரம் போயிருக்கும். அதற்காகக் கெட்டதை நினைக்க வேண்டாம். முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: சிக்னல் கிடைத்ததும் ஒரு வரி எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும் என்று. அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்ச் சேரும்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. அடுத்த புயல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் பேசும்போதே அந்த ஜோன் எழுத்தைக் கேட்டு, மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.